அறுபது கழுதைகளும் ஒரு தங்கமும்

திண்டிவனம் மேட்டுத்தெருக் குழாயடியில் இரண்டு சட்டங்கள் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் முனிசிபாலிட்டிச் சட்டத்தைவிடக் கண்டிப்பானவை. முதல் சட்டம், குடம் நிறைந்த அந்த நொடியே எடுத்துவிட வேண்டும். இரண்டு சொட்டு வழிந்தால் போதும், பின்னால் நிற்கிறவள் தொடங்கி வரிசையின் கடைசியில் நிற்கிறவள் வரை ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டுவார்கள். இரண்டாவது சட்டம், பெற்ற பிள்ளையை அங்கே ஒருத்தியும் புகழ்ந்து பேசக்கூடாது.

அது எதற்கு என்று கேட்கிற ஆள் பிள்ளை பெறாதவராகத்தான் இருக்க வேண்டும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள்? "எம் பையன் நல்லா சாப்புடறான்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கே வாந்தி, மறுநாள் காய்ச்சல். அதனால் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் கழுதை, சனியன், தண்டம், உருப்படாதது என்றுதான் பேசுவார்கள். எந்தப் பிள்ளைக்குத் திட்டு அதிகமோ அதுதான் வீட்டுச் செல்லம் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். கோவிந்தம்மாள் தன் மகன் அப்பாதுரையைத் திட்டத் தொடங்கினால் நாலு குடம் நிறைகிற வரை நிறுத்த மாட்டாள். அத்தனை ஆசை அவன்மேல்.

இந்தக் கச்சேரியில் வாயே திறக்காமல் நின்றவள் செண்பகம் ஒருத்திதான். மல்லாட்டை மில்லில் வேர்க்கடலைப் பருப்பில் சொத்தை பொறுக்கும் வேலை அவளுக்கு. புருஷன் பச்சைமுத்து அதே மில்லில் லாரி ஓட்டுகிறான். ஒரே பெண், பாஞ்சாலி, எட்டு வயசு. மற்றவர்களைப் போல மகளை ஆசைதீரத் திட்ட வேண்டும் என்று செண்பகத்துக்கு மட்டும் இருக்காதா? ஆனால் திட்டு பொய்யாக இருந்தால்தானே திட்டலாம்! நிஜமாகவே ஒரு குறை இருக்கும்போது எந்தத் தாய் அதை நாலு பேர் முன்னால் எடுத்து வைப்பாள்?

பாஞ்சாலியின் குறை இதுதான். வீட்டுக்குள் அவள் வாய் ஓயாது. பல்லி ஏன் தலைகீழாக நிற்கிறது என்பதிலிருந்து சாமிக்குப் பல் வலி வருமா என்பது வரை கேட்டு உயிரை வாங்குவாள். வாசலைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டு. பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இரண்டரை வருஷமாகிறது, ஒரு சொல் பேசியதில்லை. பேர் கூப்பிட்டால் பதில் இல்லை. தாகம் எடுத்தால் கேட்பதில்லை. ஒருநாள் காலில் முள் தைத்து ரத்தம் வந்தபோதுகூட அப்படியே நின்றாளாம். நாக்கில் வசம்பு தேய்த்தாயிற்று, தேன் தடவியாயிற்று, மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டு மொட்டையும் போட்டாயிற்று. மொட்டைத்தலையோடு அவள் பள்ளிக்கூடத்தில் பேசாமல் இருந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹெட்மாஸ்டர் ராஜாங்கமும் தன் பங்குக்குப் பிரம்பால் ஒரு வைத்தியம் பார்த்தார். பலிக்கவில்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார். அறுபத்தெட்டாம் வருஷம் பொங்கல் கழிந்ததும் செண்பகத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"இதோ பாரும்மா, ஏப்ரல்ல இன்ஸ்பெக்டர் வர்றாரு. அவரு முன்னாடி உம் பொண்ணு நாலு வரி வாய்விட்டுப் படிக்கணும். இல்லாட்டி பேரை வெட்டிடுவேன். ஊமைப் புள்ளைங்களுக்குத் தனியா பள்ளிக்கூடம் இருக்குது, அங்க கொண்டு போயி சேர்த்துக்கோ."

"ஊமை இல்லீங்க சார். வூட்ல நல்லா பேசுது. அஞ்சாங்கிளாஸ் புஸ்தகம்கூடப் படிக்குது சார்."

"வூட்ல எங்க எருமைகூடத்தான் கத்துது" என்றார் ராஜாங்கம். பெரிய மனுஷன் பேசுகிற பேச்சா அது? செண்பகம் வழியெல்லாம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். தான் ஐந்தாவதோடு நின்றுவிட்டவள். மகளாவது மேலே படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் காந்திமதி வந்து சேர்ந்தாள். விழுப்புரத்துப் பெண், வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். மெட்ராசிலிருந்து டாக்டர் சீனுவாசன் என்று ஒருவர் பிள்ளைகளின் மனசைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார், அவருக்காக வீடு வீடாகப் போய் நாற்பது கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். டாக்டர் அவளுக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார். "தாய் சொல்வதை மட்டும் எழுது. கூட்டாதே, குறைக்காதே, உன் சொந்த அபிப்பிராயத்தைச் சேர்க்காதே." காந்திமதி சொன்ன சொல் தவறாத பெண். அங்கேதான் வினை.

முதலில் கோவிந்தம்மாள் வீடு.

"உங்க பையன் சரியா சாப்புடறானா அக்கா?"

"அதுவா? சனியன், எங்க சாப்புடுது? ஒரு வாய் எறங்கறதில்ல." அவளுக்குப் பின்னால் அப்பாதுரை மூன்றாவது உருண்டைக் கேப்பைக் களியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தான். காந்திமதி அவனைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், 'பசியே இல்லை' என்று எழுதினாள்.

"நல்லா தூங்குறானா?"

"ராவெல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சிக்கினு பேயாட்டம் ஆடுது."

'தூக்கம் இல்லை.'

"மத்த புள்ளைங்களோட சேர்ந்து வெளையாடுவானா?"

"வெளையாட்டா? கண்டவன் மண்டையெல்லாம் ஒடச்சிட்டு வருது. கழுத! அவங்கப்பன் மூக்குமேலயே குத்தியிருக்குது."

'பிறரைத் தாக்கும் குணம், முக்கியமாகத் தந்தையை.' பையனுக்கு மூன்று மாதமாக இருக்கும்போது அப்பன் முகத்தில் கைபட்ட கதை அது. காந்திமதிக்குத் தெரியாதா? அவளும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவள்தானே, கழுதை என்று திட்டு வாங்கி வளர்ந்தவள்தானே. ஆனால் கட்டளை கட்டளைதான்.

மேட்டுத்தெருவிலும் பக்கத்துத் தெருக்கள் இரண்டிலும் சேர்த்து அறுபத்தோரு பிள்ளைகள். ஒவ்வொரு தாயும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னாள். ஒருத்தி பிள்ளை சாம்பல் தின்கிறது என்றால் அடுத்தவள் பிள்ளை செங்கல்லே தின்றது.

கடைசியாகச் செண்பகம் வீடு. மற்றவர்கள் யாரும் கவனிக்காத ஒன்றை அவள் கவனித்தாள். அவளுக்குத்தான் எழுத்து தெரியுமே! காந்திமதி கையிலிருந்த காகிதத்தின் தலைப்பு அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. 'மனக்கோளாறுள்ள குழந்தைகள் பற்றிய ஆய்வு.' மனக்கோளாறு என்றால் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிதானே? உள்ளதைச் சொன்னால் வேனைக் கொண்டுவந்து குழந்தையை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஏப்ரல் மாசம் வரை ஹெட்மாஸ்டர்கூடக் காத்திருக்க வேண்டாம். பாஞ்சாலி அப்போது அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணு எல்லார்கிட்டயும் பேசுமா அக்கா?"

"ரொம்ப நல்லா பேசும் டீச்சரம்மா" என்றாள் செண்பகம். "பெரியவங்க, சின்னவங்க, யாரு வந்தாலும் வாங்கன்னு கூப்புட்டுப் பேசும்."

"பள்ளிக்கூடத்துல?"

"அங்க இன்னும் நல்லா பேசும். பாட்டுகூடப் பாடும். தங்கமான புள்ளைங்க. ஒரு கொறை கெடையாது."

காந்திமதியின் பேனா அப்படியே நின்றுவிட்டது. மூன்று வாரமாக அவள் கேட்காத வார்த்தைகள். வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி, பெத்த வாயாலயே புள்ளைக்குக் கண்ணு வெக்கிறாளே!" நாற்பது கேள்விக்கும் தங்கம், தங்கம் என்றே பதில் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்பது செண்பகத்துக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழி தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தபால்காரர் பெரியதம்பி ஒரு கட்டுக் கடிதத்தோடு தெருவுக்குள் நுழைந்தார். அறுபது வீடுகளுக்கு ஒரே மாதிரிக் கடிதம். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படித்துக் காட்டினார், அதற்காகப் பிற்பாடு ரொம்ப வருத்தப்பட்டார். 'தங்கள் குழந்தைக்கு மனநலக் குறைபாட்டின் அறிகுறிகள் காணப்படுவதால், வரும் ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் நடைபெறும் கூட்டத்துக்கு வந்து டாக்டரின் ஆலோசனையைப் பெறவும்.'

தெரு பற்றி எரிந்தது. "எம் புள்ளைக்கா பைத்தியம்? எவன் சொன்னான்? ஜல்தி லாரிய எடுக்கச் சொல்லு பச்சைமுத்துவ!" என்று கோவிந்தம்மாள் கொண்டையை முடிந்தாள்.

அறுபத்தோராவது கடிதம் செண்பகத்துக்கு. அது வேறு மாதிரி. 'தங்கள் மகள் பாஞ்சாலி எங்கள் ஆய்வில் எந்தக் குறையும் இல்லாத ஒரே குழந்தை. அன்றைய கூட்டத்தில் ஆசிரியர்கள், அதிகாரிகள் முன்னிலையில் மேடையில் அவளோடு உரையாட விரும்புகிறோம்.' இரண்டு பஸ் டிக்கெட்டுக்கு வழிச்செலவும் வந்திருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை கேட்டிருக்கிறோம். செண்பகத்துக்கு மடியில் வந்தது உடும்பு, பிடியும் விடுவதாக இல்லை.

சாயங்காலம் ஹெட்மாஸ்டர் ராஜாங்கமே வீடு தேடி வந்துவிட்டார். அவருக்கும் அழைப்பு வந்திருந்தது, சிறந்த குழந்தையின் சிறந்த ஹெட்மாஸ்டர் என்று.

"இன்னாம்மா இது பேஜாரு? இந்தப் பொண்ணு மேடையில பேசுமா?"

"நீங்களே போயி உள்ளதைச் சொல்லிடுங்க சார்" என்று செண்பகம் அழுதாள்.

"நானா?" ராஜாங்கம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஊர்லயே கொறையில்லாத ஒரே புள்ளைய நான் பெயில் பண்ணி வெச்சிருக்கேன். மேலிடத்துக்குத் தெரிஞ்சா எனக்கு மெமோ. இல்ல, அது பேசாதுன்னு சொன்னா, பேசாத புள்ளைய ரெண்டரை வருஷமா அடிச்சதத் தவிர இன்னா பண்ணீருன்னு கேப்பாங்க. நான் வாயே தொறக்க மாட்டேம்மா."

ஆக, பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காதவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சைமுத்து மில் லாரியில் தெருப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டான். செண்பகமும் பாஞ்சாலியும் மெட்ராசிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினார்கள். கூட்டம் இல்லை. முன் இருக்கையில் கண்ணாடி போட்ட ஒரு வழுக்கைத் தலைக்காரர் ஒரு கட்டுக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவழிந்துகொண்டிருந்தார். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டதும் பாஞ்சாலி அம்மா காதோரம் தொடங்கினாள். ஏரிக்கரை தாண்டுவதற்குள் குரல் மெல்லமெல்ல ஏறியது.

"'படிக்கட்டில் நிற்காதே.' அப்ப எங்கம்மா நிக்கறது? 'புகை பிடிக்காதீர்.' கண்டக்டர் பீடி வெச்சிருக்காரு பாரு. அம்மா, அந்தத் தாத்தா தலையில ஒரு ஈ உக்காந்துக்கினு இருக்குது. வழுக்கி வுழுந்துடாதா?"

"ஷ்! சும்மா இருடி."

வழுக்கைத் தலைக்காரர் லேசாகத் திரும்பினார். பாஞ்சாலி கப்பென்று வாயை மூடிக்கொண்டாள். அவர் மறுபடியும் முன்பக்கம் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பேச்சு திரும்ப வந்தது. அதற்குப் பிறகு அவர் கழுத்தைக்கூட அசைக்கவில்லை. ஈயையும் விரட்டவில்லை.

விக்கிரவாண்டி தாண்டியதும் செண்பகம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, அங்க உம் பேரு கேப்பாங்க. பேரை மட்டும் சொல்லிடுவியா? எனக்கோசரம்?"

பாஞ்சாலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் சொல்லலாம்னுதாம்மா பாப்பேன். சொல்லு தொண்டை வரைக்கும் வந்துடுது. அங்க நின்னு, வெளியில எத்தினி பேரு இருக்காங்கன்னு எட்டிப் பாக்குது. பாத்துட்டு உள்ள ஓடிப்போயிடுது. நான் புடிச்சி இழுத்தாலும் வர்றதில்ல. சார் அடிச்சா இன்னும் உள்ள போயி ஒளிஞ்சிக்குது."

இரண்டரை வருஷமாகச் செண்பகமும்தான் "ஏண்டி பேசமாட்டேங்கற?" என்று கேட்டுக் கேட்டு அலுத்தவள். பிடிவாதம் என்று இரண்டு தரம் முதுகில் வைத்தும் இருக்கிறாள். மகளை இழுத்து மடியில் படுக்க வைத்துக்கொண்டாள். முன் இருக்கைக்காரர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, திரும்பாமலே, காகிதத்தில் ஏதோ எழுதினார்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். நூறு நாற்காலி, மேடை, மைக் எல்லாம் அமர்க்களமாக இருந்தது. முதல் வரிசையில் அதிகாரிகள், அவர்களுக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் ராஜாங்கம். பின்னால் மூன்று வரிசை நிறைய மேட்டுத்தெரு. மேடையில் மாலை போட்டு உட்கார வைத்திருந்த ஆளைச் செண்பகம் பார்த்தாள். அதே வழுக்கைத் தலை! போச்சு, எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் சீனுவாசன் மைக் முன்னால் வந்தார். "திண்டிவனத்தில் அறுபத்தோரு குழந்தைகளை ஆராய்ந்தோம். அவர்களில் அறுபது பேருக்குக் கடுமையான..."

"யோவ் டாக்டரு!" பின்வரிசையில் கோவிந்தம்மாள் எழுந்து நின்றாள். "எம் புள்ளைக்குப் பைத்தியம்னு எழுதினது நீதானா?"

"அம்மா, நீங்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறோம். பசியில்லை, தூக்கமில்லை, தந்தையைத் தாக்குகிறான் என்று..."

"நான் சொன்னா? பெத்தவ ஆயிரம் சொல்லுவா! அத எழுதுவியா நீ? எம் புள்ள..." கோவிந்தம்மாளுக்கு மூச்சு வாங்கியது. ஒன்பது வருஷமாகச் சொல்லாத வார்த்தை, சுலபத்தில் வருமா? கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லியே விட்டாள். "எம் புள்ள ராசா! ஒரு வேளைக்கு நாலு உருண்டை தின்னுவான்! படுத்தா இடி வுழுந்தாலும் எழமாட்டான்! தங்கக்கட்டி!" சொன்ன கையோடு "தூ, தூ, தூ" என்று மூன்று தரம் துப்பி, பக்கத்தில் நின்ற அப்பாதுரை தலையைச் சுற்றிப் படபடவென்று விரல் நெரித்துத் திருஷ்டி கழித்தாள்.

மடை திறந்துகொண்டது. "எம் பொண்ணு மட்டும் இன்னா கொறைச்சலு? கணக்குல பஸ்ட்டு!" "எம் மவன் ஒரு எறும்பக்கூட மிதிக்க மாட்டான்!" ஒவ்வொருத்தியாக எழுந்து புகழ்வதும் துப்புவதும் விரல் நெரிப்பதுமாக மண்டபம் அமளிதுமளிப்பட்டது. வாடகைக்கு விட்ட மண்டபக்காரர் தரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டர் காந்திமதியைப் பார்த்தார். "என்னம்மா இது?"

"சார், எங்க ஊர்ப்பக்கம் பெத்த புள்ளைய யாரும் நல்லா சொல்ல மாட்டாங்க. கண்ணு பட்டுடும். திட்டினா ஆசைன்னு அர்த்தம்."

"இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?"

"சொந்த அபிப்பிராயத்தைச் சேர்க்காதேன்னீங்களே சார்."

டாக்டர் கையிலிருந்த அந்தக் கட்டுக் காகிதத்தைப் பார்த்தார். ஆறு மாத உழைப்பு. வேறு ஆளாக இருந்தால் காந்திமதியைக் கடித்துக் குதறியிருப்பார். இவர் நல்ல மனுஷன், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அப்படியென்றால், ஒரே ஒரு தாய் மட்டும் ஏன் தன் குழந்தையைப் புகழ்ந்தாள்?"

மண்டபம் முழுக்கத் திரும்பிச் செண்பகத்தைப் பார்த்தது. பாஞ்சாலி முகத்தைப் புடவைக்குள் புதைத்துக்கொண்டு நடுங்கினாள். அந்த நடுக்கம் செண்பகத்தின் இடுப்பில் தெரிந்தது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் சொன்னதெல்லாம் பொய்ங்க" என்று எழுந்தாள். "எம் பொண்ணு வெளியில ஒரு வார்த்தை பேசாது. நெசமா இருக்கறத எப்டிங்க திட்டறது? உள்ளதச் சொன்னா புடிச்சிக்கினு போயிடுவீங்கன்னு பயந்துட்டேன். அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அத வுட்டுடுங்க."

கோவிந்தம்மாள் விரல் நெரிப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு தெருவில் இருந்துகொண்டு இரண்டரை வருஷமாக இதைக் கவனிக்கவில்லையே என்று அவளுக்கு இருந்தது.

டாக்டர் அவர்களை மேடைக்குக் கூப்பிடவில்லை. பின்னாலிருந்த சமையல் அறைக்குக் கூட்டிப் போனார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார், பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரியே.

"யாரும் எங்கேயும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் அம்மா. உங்கள் பெண் சொல்கிறாளே, சொல் தொண்டைவரை வந்து எட்டிப் பார்க்கிறது என்று, அதுதான் முழு உண்மை. நாக்கில் குறையில்லை, பிடிவாதமும் இல்லை. பயம். இதைப் பற்றி வெளிநாடுகளில் இப்போதுதான் ஆராய்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனையோ பெரிய பெரிய கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். இவள் சொன்ன அளவுக்கு ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரே ஒரு தப்பு. என் தலையில் உட்கார்ந்தது ஈ இல்லை, கொசு."

பாஞ்சாலி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் சொன்னாள். "ஈதாம்மா. நான் பாத்தேன்."

ஊதினால் பறந்துவிடுகிற அளவுக்குத்தான் சத்தம். ஆனாலும் அந்த அறையில் வேற்று ஆள் ஒருவர் இருக்கும்போது சொன்ன சொல். டாக்டருக்குக் கேட்டது. முதுகு ஒருமுறை நிமிர்ந்தது, ஆனால் மனுஷன் திரும்பவில்லை.

அங்கேயே ராஜாங்கத்தையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வழி சொன்னார். அடி கூடாது, கெஞ்சுவது கூடாது, பேசு என்றே சொல்லக்கூடாது. பள்ளிக்கூடம் விட்டபிறகு வெற்று வகுப்பில் தாயும் மகளும் மட்டும் உட்கார்ந்து வீட்டில் பேசுவதைப் பேச வேண்டும். அது பழகியபிறகு இன்னொரு பிள்ளை வெளியில், பிறகு உள்ளே. ஆள் ஒவ்வொருவராகக் கூடக் கூட, தாய் ஒவ்வோர் அடியாக வாசல் பக்கம் நகர வேண்டும். "முடிந்தால் ஹெட்மாஸ்டரும் இதில் கலந்துகொள்ள வேண்டும்" என்றார் டாக்டர். மெமோவுக்குத் தப்பித்த சந்தோஷத்தில் ராஜாங்கம் எதற்கும் தலையாட்டத் தயாராக இருந்தார்.

மறுநாளிலிருந்து மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்தில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. மில் விட்டதும் செண்பகம் தலையில் ஒட்டிய மல்லாட்டைத் தோலைத் தட்டிக்கொண்டே ஓடிவந்து இரண்டாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருவாள். முதல் வாரம் ஜன்னல் கதவெல்லாம் சாத்தி வைத்துப் பாஞ்சாலி படித்தாள். இரண்டாம் வாரம் அப்பாதுரை வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சும்மா உட்கார மாட்டான் என்பதால் கோவிந்தம்மாள் அவன் கையில் அவித்த மல்லாட்டை கொடுத்து அனுப்பினாள். மூன்றாம் வாரம் அவன் உள்ளே வந்தான். ஒருநாள் அவன் 'அணில்' என்பதை 'ஆணி' என்று படிக்க, பாஞ்சாலியால் பொறுக்க முடியவில்லை. "அணிலுடா" என்றாள். சொன்னபிறகு இரண்டு பேருமே பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு ராஜாங்கத்தின் முறை. பிரம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து, ஒரு வாரம் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மற்ற வாத்தியார்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "சாருக்கு யாரு தண்டனை கொடுத்தது?" என்று சிரித்தார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் மனுஷன் ஊரே அதிரத் தும்மிவிட்டார். அவ்வளவுதான், பாஞ்சாலி வாய் மூடிவிட்டது. பத்து நாள் போராட்டம், திரும்ப முதலிலிருந்து. தும்மின பாவத்துக்கு ராஜாங்கம் அந்தப் பத்து நாளும் செண்பகத்தின் முகத்தைப் பார்க்கவே கூசினார்.

ஏப்ரல் மாசம் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பாஞ்சாலி முறை வந்ததும் ராஜாங்கம், "சார், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றார். பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் இன்ஸ்பெக்டரிடம் அவர் இப்படிப் பேசியதே இல்லை.

"என்னய்யா, என்னைச் சுவரைப் பார்க்கச் சொல்கிறீரா?"

"நான் ஒரு மாசமா பாக்கறேங்க சார். ஒண்ணும் ஆவல."

இன்ஸ்பெக்டர் முறைத்துப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி உட்கார்ந்தார். செண்பகம் ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எங்கேயோ காக்கை கத்தியது. மயிலம் முருகனுக்கு இந்தத் தரம் தன் தலைமுடியையே தருவதாக வேண்டிக்கொண்டாள். அப்புறம் அந்தக் குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் அவசரமாக, முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் இன்ஸ்பெக்டர், நன்றாகப் படிக்கிறதே என்று திரும்பிப் பார்த்துத் தொலைத்தார். குரல் நின்றுவிட்டது.

"நாலு வரிக்கு ஒரு வரி குறைகிறதே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போதும் சார்! மூணு வரி போதும் சார்!" ராஜாங்கம் கிட்டத்தட்டக் கத்தினார். "அந்த ஒரு வரி நீங்க திரும்பினதால போச்சு. அது எங்க புள்ளை மேல குத்தம் இல்ல." எங்கள் பிள்ளையாம்! கேட்டுக்கொண்டிருந்த செண்பகத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பாஞ்சாலி மூன்றாம் வகுப்புக்குப் போனாள்.

ஆடி மாசம் ஒரு காலையில் குழாயடியில் நல்ல கூட்டம். செண்பகம் குடத்தை வைத்துத் திருகினாள். பின்னால் நின்ற கோவிந்தம்மாள், ஏதோ பேச்சுக்குக் கேட்கிறவள்போலக் கேட்டாள். "ஏண்டி செண்பகம், எப்டி இருக்குது உம் பொண்ணு?"

செண்பகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அதுவா? அந்தக் கழுதைய ஏங்க்கா கேக்கறீங்க!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"சனியன், வாய மூடறதில்லக்கா! நேத்து ஹெட்மாஸ்டரு ஆள் வுட்டுக் கூப்புட்டாரு. இன்னான்னு போயி பாத்தா, கிளாஸ்ல ஓயாம பேசுதாம். பக்கத்துல இருக்கற புள்ளைங்களக் கெடுக்குதாம். இடத்த மாத்தி உக்கார வெச்சா அங்கயும் பேசுதாம்! உருப்படாதது! வாயா அது? எனக்குன்னு வந்து பொறந்திருக்குது பாரு, தண்டம்..." கண்ணிலிருந்து தாரைதாரையாக வழிந்துகொண்டிருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை, திட்டுவதை நிறுத்தவும் இல்லை. இரண்டரை வருஷத்துத் திட்டு பாக்கி இருந்தது.

கோவிந்தம்மாள் யாருக்கும் தெரியாமல் முந்தானைக்குள் விரல் நெரித்துக்கொண்டாள். குடம் எப்போதோ நிறைந்து, தண்ணீர் வழிந்து எல்லோர் காலையும் நனைத்துக்கொண்டு ஓடியது. எடு என்று ஒருத்தியும் சொல்லவில்லை.